பிரேக் பிடித்தாலும் நிற்காத சரிவு: பனிமலையில் ஒரு மிதிவண்டிப் பந்தயம்



விளக்கக் கட்டுரை என்றாலே நம் கையில் இருக்கும் தலைப்புகள் கொஞ்சம்தான். நூலகத்தின் பயன், தூய்மைக்கேடு, தகவல் தொழில்நுட்பம். இவற்றையே சுற்றிச் சுற்றி வருகிறோம். தெரிந்த தலைப்பை எழுதும்போது மாணவர் விளக்குவதில்லை. மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறார். நாம் கண்ணால் பார்த்திராத ஒன்றை எடுத்துக்கொண்டால்தான் 'எப்படி', 'ஏன்' என்ற கேள்விகள் உண்மையிலேயே வேலை செய்யும். அதனால் இந்த முறை நம்மிடமிருந்து மிகத் தூரத்தில் உள்ள ஒரு விஷயத்தை எடுத்திருக்கிறேன். மலை உச்சியில், பனியின் மேல், 300-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் மிதிவண்டியில் கீழே பாய்ந்து வரும் பந்தயம்.

இது கற்பனை இல்லை. பிரான்ஸ் நாட்டின் ஆல்ப்ஸ் மலையில் ஆல்ப் துயெஸ் என்றோர் ஊர் இருக்கிறது. சைக்கிள் பந்தயம் பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். டூர் டி பிரான்ஸ் போட்டியில் வீரர்கள் 21 கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்கி ஏறுவார்களே, அதே ஊர்தான். அங்கே மேலே ஏறுவது புகழ் பெற்றது போலவே கீழே இறங்குவதற்கும் ஒரு புகழ் உண்டு. அந்தப் பந்தயத்தின் பெயர் மெகாவலான்ஷ். 'பெரும் பனிச்சரிவு' என்று பொருள் கொள்ளலாம். 1995-இல் தொடங்கியது, ஜூலை மாதத்தில் நடப்பது வழக்கம். ஊருக்கு மேலே சுமார் 3,300 மீட்டர் உயரத்தில் பிக் பிளாங் என்னும் சிகரம் இருக்கிறது. 'வெள்ளைச் சிகரம்' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அங்கிருந்து புறப்பட்டு, 20 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டி, சுமார் 720 மீட்டர் உயரத்தில் உள்ள அல்மோன் என்ற சிற்றூரில் முடிக்க வேண்டும். ஏறக்குறைய 2,600 மீட்டர் இறக்கம். கெந்திங் மலை உச்சியிலிருந்து கடல் மட்டம் வரை இறங்கினாலும் இந்த அளவு வராது.

பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் எல்லாரும் இறுதிச் சுற்றின் முன்வரிசையில் நின்றுவிட முடியாது. முதலில் தகுதிச் சுற்று உண்டு. அது சற்றுத் தாழ்வான இடத்திலிருந்து தொடங்கும். அதில் நீங்கள் எத்தனையாவதாக வந்தீர்களோ, அதை வைத்துத்தான் எந்தப் பிரிவில், எந்த வரிசையில் நிற்பீர்கள் என்று முடிவாகும். முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசம், முதுகுக் கவசம், முழங்கை, முழங்கால் காப்பு, விரல்களை மூடும் கையுறை, இவையெல்லாம் கட்டாயம். ஒன்று குறைந்தாலும் விடமாட்டார்கள்.

இனி நீங்களே போட்டியாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலையிலேயே எழுந்து, மிதிவண்டியோடு கம்பிவட வண்டியில் ஏறுகிறீர்கள். ஒரே தடவையில் எல்லாரையும் ஏற்ற முடியாது. எனவே முதலில் போனவர் மேலே நெடுநேரம் குளிரில் காத்திருக்க வேண்டும். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். சும்மா நின்றாலே மூச்சு கொஞ்சம் வேகமாகும். விரல் மரத்துப் போகும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் பிரேக்கைப் பிடிப்பது அந்த விரல்கள்தானே! அதனால் அனுபவம் உள்ளவர்கள் கையை உதறிக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் நிற்பார்கள். வரிசை வரிசையாக நாடா கட்டிப் பிரித்திருப்பார்கள். ஒலிபெருக்கியில் காதைப் பிளக்கும் இசை. தலைக்கு மேலே தாழ்வாக ஒரு ஹெலிகாப்டர். நாடா விலகியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் புறப்படுகிறார்கள்.

அடுத்த சில நிமிடங்கள்தான் இந்தப் பந்தயத்தின் சாரம். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இந்தப் பந்தயத்தின் காணொளி ஒன்றைப் படிவம் நான்கு வகுப்பில் போட்டுக் காட்டினேன். ஒருவர் விழ, அவர்மேல் இன்னொருவர் விழ, பத்திருபது பேர் குவியலாகச் சறுக்கிக்கொண்டு போகும் காட்சி. வகுப்பே சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி மட்டும், "டீச்சர், இவங்க ஏன் பிரேக் பிடிக்கல?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பதில் என்னவென்றால், பிடித்திருக்கிறார்கள். பிரேக் பிடித்தும் நிற்கவில்லை.

காரணம் உராய்வு. ரப்பர் டயர் காய்ந்த தார்ச்சாலையைப் பற்றிக்கொள்ளும் அளவை உராய்வுக் குணகம் என்று எண்ணால் சொல்வார்கள். தார்ச்சாலையில் அது சுமார் 0.7. இறுகிய பனியில் 0.2 முதல் 0.3 வரைதான். வெறும் பனிக்கட்டியில் இன்னும் குறைவு. இப்போது ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். சமதளத் தார்ச்சாலையில் முழு பலத்தோடு பிரேக் பிடித்தால் ஏறக்குறைய 14 மீட்டரில் நின்றுவிடலாம். அதே வேகத்தில் சமதளப் பனியில், குணகம் 0.25 என்றால், சுமார் 40 மீட்டர் போகும். சரிவு 10 விழுக்காடு என்றால் 65 மீட்டருக்கு மேல். 20 விழுக்காடு என்றால் 200 மீட்டரை நெருங்கும். 25 விழுக்காட்டைத் தொட்டால்? விடையே கிடையாது. புவியீர்ப்பு உங்களைக் கீழே இழுக்கும் விசையும் டயர் உங்களைப் பிடித்து நிறுத்தும் விசையும் அங்கே சமமாகிவிடும். அதற்கும் மேல் சரிந்தால், இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தபடியே வேகம் கூடிக்கொண்டே போவீர்கள்.

(இயற்பியல் ஆசிரியரோடு சேர்ந்து இந்தக் கணக்கை வகுப்பில் செய்து பார்க்கலாம். தமிழ்ப் பாடத்தில் கணக்கு எதற்கு என்று கேட்பவர்களிடம், காரணத்தைச் சொல்லாத விளக்கம் வெறும் வருணனைதான் என்று சொல்லுங்கள்.)

அப்படியானால் போட்டியாளர் என்னதான் செய்வார்? நிற்பது என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, போகும் திசையைக் காப்பாற்றிக்கொள்வார். சுழலும் சக்கரத்தால்தான் திசை திருப்ப முடியும். முன்சக்கரம் பூட்டிக்கொண்டு சுழலாமல் நின்றால், கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தன் போக்கில்தான் போகும். அடுத்த நொடி நீங்கள் தரையில் கிடப்பீர்கள். ஆகவே முன்பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் பயன்படுத்துவார்கள். பின்பிரேக்கை அதிகம் நம்புவார்கள். பின்சக்கரம் பூட்டிக்கொண்டாலும் இளகிய பனியில் அது நங்கூரம் மாதிரி உழுதுகொண்டு வந்து வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

உடல் எடையைப் பின்னால் வைக்க வேண்டும். முன்சக்கரத்தில் எடை கூடினால் அது மென்பனியில் புதைந்து, நீங்கள் கைப்பிடிக்கு மேலாகப் பறப்பீர்கள். பலர் இருக்கையைத் தாழ்த்தி உட்கார்ந்து, இரண்டு கால்களையும் பக்கவாட்டில் நீட்டிப் பனியில் உரசியபடி இறங்குவார்கள். பார்க்கக் குழந்தை முதன்முதலாகச் சைக்கிள் பழகுவது போலிருக்கும். ஆனால் அது சரியான உத்தி. நான்கு இடங்களில் தொடுவது இரண்டு இடங்களில் தொடுவதைவிட நிலையானது, அவ்வளவுதான்.

இங்கே நம் மொழிக்குள் கொஞ்சம் போய் வருவோம். கேமரன் மலையில் காலையில் படர்வதைப் பனி என்கிறோம். புல்நுனியில் நிற்கும் நீரையும் பனி என்கிறோம். ஆல்ப்ஸ் மலையை மூடியிருப்பதும் பனிதான். ஒரே சொல். அன்றாடப் பேச்சுக்கு இது போதும். ஆனால் இந்தப் பந்தயத்தை விளக்க முற்பட்டால் போதாது. ஏனென்றால் டயருக்குக் கீழே இருப்பது எந்தப் பனி என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே நடக்கிறது. புதிதாகப் பெய்த வெண்பனி தூளாக இருக்கும், சக்கரம் புதையும். இரவில் உறைந்து இறுகிய பனி பலகை மாதிரி இருக்கும்; வேகம் பிடிக்கும். வெயில் ஏற ஏற இளகிக் கூழாகும் பனியில் சக்கரம் அங்குமிங்கும் அலையும். பனிக்கட்டி கண்ணாடி போன்றது. அதன்மேல் எதுவும் செய்ய முடியாது. ஒரே பந்தயத்தில், சில நூறு மீட்டருக்குள், இவற்றில் இரண்டு மூன்று வகைகள் மாறி மாறி வரலாம். மாணவர்களே, வெண்பனி, இறுகிய பனி, இளகிய பனி, பனிக்கட்டி, பனியாறு என்று இடம் பார்த்து எழுதிப் பழகுங்கள். புதிய கலைச்சொல் எதுவும் தேவையில்லை. நம்மிடம் உள்ள பெயரடைகளே போதும்.

இன்னொன்றும் கவனியுங்கள். வழுக்குவது வேறு, சறுக்குவது வேறு. வழுக்குவது நாம் விரும்பாமல் நடப்பது. சறுக்குவதை நாம் விரும்பியும் செய்யலாம். அதனால்தான் விளையாட்டுத் திடலில் சறுக்குமரம் இருக்கிறது. 'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்ற பழமொழியில் யானை விரும்பிச் சறுக்கவில்லையே என்று கேட்பீர்கள். சரிதான், அந்தச் சொல் இரண்டு பக்கமும் போகும். ஆனாலும் இந்தப் பந்தயத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது, வழுக்கத் தொடங்கும் வண்டியைச் சறுக்கும் வண்டியாக மாற்றிக்கொள்வதுதான் என்று சொன்னால் அர்த்தம் சரியாக வந்து விழுகிறது.

சரி, ஒருவர் விழுந்தால் ஏன் இருபது பேர் விழுகிறார்கள்? முன்னே போகிறவர்களின் சக்கரங்கள் பனியில் தடம் பதிக்கும். பின்னால் வருபவருக்கு அந்தத் தடம்தான் எளிதான வழியாகத் தெரியும். எல்லாரும் அதற்குள்ளேயே வந்து சேர்வார்கள். தடம் ஆழமாகும்; ஆழமான தடத்திலிருந்து சக்கரத்தை வெளியே எடுப்பது கடினம். அந்த நேரத்தில் முன்னால் ஒருவர் விழுந்தால், பின்னால் வருபவருக்கு நிற்கவும் முடியாது, விலகவும் முடியாது. மேலே சொன்ன 200 மீட்டர் கணக்கை நினைத்துப் பாருங்கள். அவருக்கும் விழுந்தவருக்கும் நடுவே இருப்பது 10 மீட்டர்தான். அதனால்தான் தெரிந்தவர்கள் கூட்டத்தை விட்டு ஓரமாக, யாரும் மிதிக்காத பனியில் போவார்கள். அங்கே வேகம் குறைவாக இருக்கலாம். ஆனால் முன்னால் யாரும் இருக்கமாட்டார்கள்.

விழுந்தால் என்ன செய்வது? முடிந்தவரை காலைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிச் சறுக்க வேண்டும். தலை முன்னே போகக் கூடாது. வண்டியைக் கைவிடாமல் இருப்பது நல்லது. ஆளில்லாமல் இறங்கும் மிதிவண்டி கீழே இருப்பவருக்கு ஆபத்து. எழுந்ததும் முதலில் மேலே பார்க்க வேண்டும், பிறகுதான் கீழே.

இவ்வளவு ஆபத்து என்றால் பனியில் மெதுவாகப் போய்விட்டு, பிறகு வேகம் எடுக்கலாமே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பனி முடிந்ததும் பாதை குறுகிவிடுகிறது. கற்களுக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராகப் போகும் ஒற்றையடிப் பாதை. அங்கே முந்துவது அரிது. பனியில் 50 பேரை முந்தியவர் அந்த 50 பேருக்கு முன்னால் பாதைக்குள் நுழைவார். தயங்கியவர் வரிசையில் மாட்டிக்கொண்டு மற்றவர்களின் டயரைப் பார்த்தபடியே இறங்குவார். எனவே அகலமான பனிச்சரிவில் ஒவ்வொருவரும் துணிச்சலுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு விலை பேசிக்கொள்கிறார்கள். முதல் பத்து இடங்களுக்குப் போட்டியிடுபவருக்கு அந்தப் பேரம் புரிகிறது. நூற்றுக்கும் பின்னால் வரப்போகும் ஒருவர் அதே பேரத்தைப் பேசுவதுதான் எனக்கு இன்னும் முழுமையாகப் புரியவில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் மேலே போகிறவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். வெற்றிக்காக வருவதில்லை, ஊர் திரும்பி, "நான் இறங்கினேன்" என்று சொல்வதற்காக வருகிறார்கள்.

கருவியைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே இழுபறி உண்டு. பனிக்கு டயரில் காற்று குறைவாக இருந்தால் நல்லது; டயர் அகன்று பரவி அதிகமாகப் பற்றும். ஆனால் கீழே கூரான கற்கள் காத்திருக்கின்றன. காற்று குறைந்த டயர் அங்கே கிழிந்துவிடும். ஷூவை மிதிகட்டையில் பூட்டிக்கொள்ளும் அமைப்பு கீழே உதவும். பனியிலோ காலைச் சட்டென்று எடுக்க முடியாது, பூட்டுக்குள் பனி அடைத்தும்கொள்ளும். சில நிமிடப் பனிக்கு ஏற்பாடு செய்வதா, மிச்சமுள்ள மலைக்கு ஏற்பாடு செய்வதா? பெரும்பாலோர் மலையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்; அதனால் பனியில் அரைகுறை ஆயத்தத்தோடுதான் இறங்குகிறார்கள்.

பனிக்குப் பிறகு வருவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கற்பாறைகள், பிறகு புல்வெளி, நடுநடுவே மூச்சை அடைக்கும் சிறு ஏற்றங்கள், கடைசியில் காட்டுக்குள் புழுதிப் பாதை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து முன்கை கல்லாக இறுகிப் போகும். வண்டியும் ஆளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்தால், இந்த இறக்கத்தில் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 23 லட்சம் ஜூல். கிட்டத்தட்ட 7 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இதில் ஒரு பகுதி காற்றுக்கும் டயருக்கும் போகும். பெரும்பங்கு பிரேக் தட்டில்தான் சூடாக மாறும். முன்னணி வீரர்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு அதைவிட நேரமாகும்.

பனியில் தனியாக ஓட்டுவது முற்றிலும் வேறு கலை. எரிக் பரோன் என்ற பிரெஞ்சு வீரர் 2017-இல் அந்நாட்டின் வார் என்ற இடத்தில், பனிச்சரிவில் மிதிவண்டியை மணிக்கு 227 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டினார். அது சீராக்கிய நேர்கோட்டுச் சரிவு. முன்னும் பின்னும் ஆளில்லை. மெகாவலான்ஷில் வேகம் அதில் பாதிகூட வராமலிருக்கலாம். ஆனால் பக்கத்தில் 300 பேர் இருக்கிறார்கள். ஒப்பிட்டு எழுதும் பயிற்சிக்கு இவ்விரண்டும் நல்ல இணை.

இடையே ஒரு செய்தி. இதே பெயரில் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவிலும் ஒரு பந்தயம் உண்டு. அங்கே பனி கிடையாது; மலையில் தொடங்கிக் கடலை நோக்கி இறங்கும். ரியூனியன் என்றதும் நம்மில் சிலருக்குக் காது நிமிரும். கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழும் தீவு அது.

பிக் பிளாங் சிகரத்தின் பனியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். போட்டியாளர்கள் புறப்படும் இடம் சாரென் என்ற பனியாறு. பனியாறு என்றால் ஓராண்டுப் பனி மட்டும் கிடையாது. ஆண்டாண்டாகப் பெய்து, அழுந்தி, கட்டியாகி, மெல்ல நகர்வது. சாரென் பனியாறு ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு சேர்க்கிறது, எவ்வளவு இழக்கிறது என்று ஆய்வாளர்கள் 1949 முதல் அளந்து வந்தார்கள். சேர்வதைவிடக் கரைவது கூடிக்கொண்டே போய், இப்போது அது பனியாறு என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறுத்துவிட்டது. கோடை வெப்பம் கடுமையாக இருக்கும் ஆண்டுகளில் ஜூலைக்கு முன்பே மேற்பனி கரைந்து, அழுக்கான பனிக்கட்டியும் கல்லும் தலைகாட்டும். வெண்பனியில் விழுவதற்கும் அதில் விழுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. வானிலையும் பனியும் சரியில்லை என்றால் ஏற்பாட்டாளர்கள் தொடக்கக் கோட்டையே கீழே இறக்கிவிடுவார்கள். அப்படி இறக்கும் ஆண்டில் கம்பிவட வண்டி பாதியிலேயே நிற்கும். போட்டியாளர்கள் பாறைமேல் வரிசையில் நின்று, மேலே தெரியும் வெள்ளைச் சிகரத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே இறங்குவார்கள்.